மணலில் கிடந்த பலகை

எண்பதுகளின் நடுவில், ஈயத்தின் விலை விழுந்து பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஈயலம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், ஒவ்வொன்றாக மூடப்பட்டுக் கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. பத்திரிகையின் இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாத ஒருவர் செய்த உதவியைப் பற்றி எழுதுகிறார்கள். நானும் முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவியவன்தான். அதற்காக எனக்கு மாலை போட்டார்கள். அந்த மாலை எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

தொழிற்சாலையில் எங்கள் ஏழு பேருக்கு ஜீப் பைத்தியம். எல்லோருக்கும் சேர்த்து மூன்று வண்டிகள். மூன்றும் ஏலத்தில் எடுத்த பழசு, ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும். மாதம் ஒருமுறை காடு மேடு என்று கிளம்பிவிடுவோம். ஒருநாள் ஒருவன் ஓர் ஆங்கிலப் பத்திரிகையைக் கொண்டு வந்தான். அதில் ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பூங்காக்களில் வண்டிகள் வரிசையாக மணலில் போகிற படங்கள், கூடாரம் போட்டுச் சமைக்கிற படங்கள். "நமக்கு ஏது லா பாலைவனம்" என்று பெருமூச்சு விட்டான். "பெர்ஜுந்தைக்கு வா, காட்டுறேன்" என்றேன் நான்.

அங்கே ஈயக் கப்பல் என்கிற மிதக்கும் இயந்திரம் நிலத்தைத் தோண்டித் தோண்டி, ஈயத்தை எடுத்துக்கொண்டு மணலைத் துப்பிவிட்டுப் போயிருந்தது. மைல் கணக்கில் வெள்ளை மணல். மத்தியானம் கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. நடுநடுவே பச்சைத் தண்ணீரோடு பழைய குட்டைகள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கிளம்புவது, மணலைக் கடந்து ஒரு குட்டைக் கரையில் தங்குவது, ஞாயிறு காலை தோட்டச் சாலைகள் வழியாகக் கோலசிலாங்கூர் கடற்கரைக்குப் போவது. இதுதான் திட்டம்.

நான் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். தொழிற்சாலையில் அதை யாரிடமும் பேசமாட்டேன். ஆனால் வண்டி காட்டுக்குள் நுழைந்துவிட்டால் அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். எந்தப் பாதை எங்கே போகும், எந்தக் கால்வாய் எங்கே முடியும் என்று எல்லாம் தெரிந்தவன் மாதிரிப் பேசுவேன். மற்றவர்கள் எல்லாம் பட்டணத்துப் பையன்கள். நம்பிக்கொள்வார்கள்.

மணலில் அரை மணி நேரம் ஓட்டியிருப்போம். டயரில் காற்றை இறக்கு என்று பத்திரிகையில் போட்டிருந்தது, இறக்கினோம். வேகத்தைக் குறைக்காதே என்று போட்டிருந்தது, நான் குறைக்கவில்லை. முன்னால் போன இரண்டு வண்டிகளும் தாண்டிப் போய்விட்டன. கடைசியில் ஓட்டிவந்த நான், என் வண்டி எவ்வளவு இழுக்கும் என்று காட்டுவதற்காகத் தடத்தை விட்டு விலகிப் போனேன். வண்டி வயிறு வரைக்கும் மணலில் இறங்கி நின்றுவிட்டது.

"என்ன பாஸ், வண்டிய நட்டுட்டீங்களா? தண்ணி ஊத்தவா?" என்று ஒருவன் கத்தினான்.

"தோட்டத்து சிங்கம் படுத்துடுச்சு டோய்!" என்றான் இன்னொருவன்.

கயிறு போட்டு இழுத்தோம், அறுந்தது. பத்திரிகைப் படத்தில் சக்கரத்துக்கு அடியில் போடுவதற்கு இரும்புத் தகடுகள் இருந்தன. எங்களிடம் தோசைக்கல் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் கோபம் எப்போதும் அப்படித்தான். தப்பு என்னுடையதாக இருந்தால் இரண்டு மடங்காக வரும்.

மணல் முடிகிற இடத்தில் ஒரு துண்டு ரப்பர்க் காடு மிச்சம் இருந்தது. அதற்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஆழமான கால்வாய். கட்டை ஏதாவது கிடைக்குமா என்று நானும் கிளார்க்கும் அங்கே போனோம். கிளார்க் என்றால் எங்கள் ஆபீசில் வேலை செய்த பையன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். பெயர் வேண்டாம். நாங்கள் அவனை அப்படித்தான் கூப்பிட்டோம்.

கால்வாய்க்குக் குறுக்கே இரண்டு பலகைகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் பத்தடி நீளம், கெட்டி மரம். மழையில் கால் வழுக்காமல் இருக்க, சைக்கிள் டயரைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு சாண் இடைவெளியில் ஆணி வைத்து அடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். நான் ஒரு நுனியைத் தூக்கினேன்.

"அண்ணே, இது ஆளு நடக்குற பலகை. டயரெல்லாம் அடிச்சி வச்சிருக்காங்க பாருங்க. வேணாம் லா" என்றான் கிளார்க்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழம. பால் மரம் வெட்டுறதுக்கு யாரும் வரமாட்டாங்க. தோட்டத்துல பொறந்தது நீயா, நானா?"

"அப்ப காலையில திரும்பப் போட்டுடலாமா?"

"போட்டுடலாம். இப்ப வாய மூடிட்டு அந்தப் பக்கம் புடி."

பலகைகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தோம். வண்டி உறுமிக்கொண்டு மேலே ஏறியது. ஒரு பலகை நடுவில் உடைந்து இரண்டாகப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். உடைந்ததை அங்கேயே மணலில் விட்டுவிட்டேன். நல்லதாக இருந்த பலகையை அப்போதே கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். நூறு கெஜம் நடந்தால் போதும். இன்னும் மணல் இருக்கிறது, தேவைப்படும் என்று சொல்லி ஜீப்பின் கூரைமேல் வைத்துக் கட்டினேன். மேலே தார்ப்பாய் போட்டு மூடினேன்.

சாயங்காலம் குட்டைக் கரையில் சோறும் சார்டின் சம்பலும் ஆக்கினோம். ஒருவன் வானத்தைப் பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கிழமையிலிருந்து காலையில காலையில மழை. நல்லவேள, இன்னிக்கு விட்டுச்சி" என்றான்.

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. அப்படி வாரத்தில் இரண்டு மூன்று நாள் போய்விட்டால், அதை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமையும் பிரட்டு வைப்பார்கள். பிரட்டு என்றால் விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கு எடுத்து வேலைக்கு அனுப்புவது. மழைக் காலத்தில் என் அம்மா எத்தனையோ ஞாயிறு அப்படிப் போயிருக்கிறார். தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பட்டணத்துப் பையனிடம் பெருமை பேசிய எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். இப்போது எழுந்து பலகையைத் திரும்பக் கொண்டுபோனால் கிளார்க் சொன்னது சரி என்று ஆகிவிடும், மற்றவர்கள் சிரிப்பார்கள். காலையில் முதல் வேலையாகப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

என்னை எழுப்பியது கிளார்க்தான். "அண்ணே, பலகை" என்றான். மணி ஆறைத் தாண்டியிருந்தது. நம் நாட்டில் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி வைத்த பிறகு ஆறு மணி என்பது நல்ல இருட்டு. மற்றவர்களை எழுப்பாமல் நாங்கள் இருவர் மட்டும் ஜீப்பில் கிளம்பினோம். ரப்பர்க் காட்டை நெருங்கும்போதே குரல்கள் கேட்டன. கால்வாயைச் சுற்றி ஏழெட்டு நெற்றி விளக்குகள் அலைந்துகொண்டிருந்தன. கிளார்க் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

கால்வாய்க்குள் ஓர் அம்மா கிடந்தார். முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். தினமும் அவர்தான் முதல் ஆளாகக் கடப்பாராம். தலையில் விளக்கு இருந்தும் கீழே பார்க்கவில்லை. வருடக்கணக்கில் நடந்த பாலத்தை யார் குனிந்து பார்ப்பார்கள்? வாளியோடு நேராக உள்ளே போய்விட்டார். வலது கால் முழங்காலுக்குக் கீழே, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

எங்கள் வண்டியைப் பார்த்ததும், ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஓடி வந்தார்.

"சாமி அனுப்புன மாதிரி வந்தீங்க தம்பி! லோரி சாவிய டிரைவர் எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும், பெரிய மனசு பண்ணுங்க."

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன். கேட்டது நான்தான்.

"எந்த நாயோ பாலத்துப் பலகையத் தூக்கிட்டுப் போயிருக்கு. லம்பத்துல பழைய இரும்பு பொறுக்க வர்ற பயலுங்களா இருக்கும்."

"இருக்கும் மண்டோரே" என்றேன்.

உள்ளே இறங்கினவர்களுக்கு அவரை எப்படித் தூக்குவது என்று தெரியவில்லை. மண்டோர் ஜீப்பின் மேலே பார்த்தார். தார்ப்பாய்க்கு வெளியே பலகையின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. "பலகை வச்சிருக்கீங்களே, நல்லதாப் போச்சு! இறக்குங்க, அதுல வச்சிக் கட்டித் தூக்கிடலாம்."

நான்தான் அவிழ்த்தேன். இருட்டு, அதோடு பலகை முழுக்க ஈர மணல். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கீழே கொடுக்கும்போது, டயர் அடித்த பக்கம் அடியில் வருகிற மாதிரி நானே புரட்டிக் கொடுத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் புத்தி இருந்தது. கைலியால் அவரைப் பலகையோடு சேர்த்துக் கட்டி மேலே தூக்கினார்கள். அப்படியே, பலகை நுனி பின்கதவுக்கு வெளியே நீட்டியிருக்க, வண்டிக்குள் வைத்தோம். கூட அவருடைய நாத்தனார் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம் ஓட்டினேன். ஒவ்வொரு குழிக்கும் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. அவர் காலைப் பற்றிப் பேசவே இல்லை. பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கும் தன் மகளைப் பற்றித்தான் பேசினார்.

"அண்ணி, எனக்குப் பதிலா புள்ளைய மரத்துக்கு அனுப்பச் சொல்லுவாங்களா?"

"இப்ப அதெல்லாம் எதுக்கு? சும்மா படு."

"பாரம் மூணு படிக்குது அண்ணி. வருச கடைசியில சோதன. நல்லா படிக்குதுன்னு வாத்தியாரு சொன்னாரு."

நாத்தனார் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் புருஷன் இறந்துபோயிருந்தார். வேலைக்கு ஆள் வராத வீட்டைத் தோட்டத்தில் ரொம்ப நாள் விட்டுவைக்க மாட்டார்கள். லயத்து வீடு வேண்டுமென்றால் அந்த வீட்டிலிருந்து யாராவது ஒருவர் பிரட்டுக்குப் போகவேண்டும். இதுவும் தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் அவரைத் தள்ளுகட்டிலுக்கு மாற்றினார்கள். அப்போது பார்த்தேன். அவருடைய வலது கை பலகையின் ஓரத்தைப் பிடித்திருந்தது. விரல்கள் அடிப்பக்கத்துக்கு மடங்கியிருந்தன. வழி முழுக்க அப்படித்தான் பிடித்திருக்க வேண்டும். விரல்களுக்கு டயர்த் துண்டும் ஆணியும் தெரியாமலா இருந்திருக்கும்?

"தம்பி, இந்தப் பலகை ஒங்களுக்கு எங்க கெடச்சிச்சி?" என்று கேட்டார்.

கிளார்க் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு வார்த்தை போதும்.

"மணல்ல கெடந்துச்சிக்கா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கடையில் மிச்சக் காசை எண்ணிப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார். பிறகு, "அதக் கொண்டு போயி போட்டுடுங்க. நாளைக்கு எல்லாரும் அந்தப் பக்கந்தான் வருவாங்க" என்றார். கட்டில் உள்ளே போய்விட்டது.

திரும்பி வரும்போது கிளார்க், "நீங்க சொல்லலன்னா நான் போயி சொல்றேண்ணே" என்றான். "சொல்லு. அந்தப் பக்கத்து நுனியத் தூக்கினது யாருன்னும் சேத்துச் சொல்லு" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான். வேண்டாம் என்று சொன்னவனையே பங்காளி ஆக்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் எங்களோடு எங்கேயும் வரவில்லை. ஆபீசில் என்னைப் பார்த்தால் காகிதத்தைப் புரட்டுவான்.

கால்வாய்க்கு ஒரு பலகைதான் இருந்தது. அதை மணலில் கண்டெடுத்ததாக மண்டோரிடமும் சொல்லிவிட்டேன். இன்னொன்றுக்கு, ஜீப்பின் பின்னால் படுப்பதற்காக நானே போட்டிருந்த பலகைப் படுக்கையைப் பிரித்தேன். நீளம் போதாமல் துண்டு சேர்த்து, அடியில் குறுக்குக் கட்டை கொடுத்து அடித்தேன். லயத்திலிருந்து ஆணியும் பழைய சைக்கிள் டயரும் கொண்டு வந்து கொடுத்தது பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. அந்த அம்மாவின் மகள். முகம் அழுது வீங்கியிருந்தது.

நான் டயர்த் துண்டுகளை இஷ்டத்துக்கு அடித்துக்கொண்டு போனேன். "இவ்வளோ தள்ளி அடிச்சா காலுக்குத் தெரியாதுண்ணே. எங்கம்மா ஒரு சாணுக்கு ஒண்ணு அடிப்பாங்க" என்றது அந்தப் பெண். பிடுங்கித் திரும்ப அடித்தேன். முடிந்ததும் அது பலகைமேல் ஏறி, இரண்டு தடவை நடந்து பார்த்தது. "தேங்ஸ்ணே. அம்மாவையும் நீங்கதான் காப்பாத்தினீங்களாம்" என்றது. நான் சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நான் செத்தாலும் எழுதியிருக்க மாட்டேன். ஐந்தாறு மாதம் கழித்து, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. மண்டோர் என் முகவரியைத் தேடிப் பிடித்து ஆள் அனுப்பியிருந்தார். போகாமல் இருந்திருக்கலாம். போனேன். சந்தேகம் வரக்கூடாது என்று போனேன். உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பூசை முடிந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியில் மண்டோர் பேசினார். முன்பின் தெரியாத பிள்ளை, சாமி மாதிரி வந்து நின்று, தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பாலத்தையும் சொந்தக் கையால் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனது என்றார். மாலை போட்டார்கள். துண்டு போர்த்தினார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். அவர் கை தட்டவில்லை. மடியிலேயே வைத்திருந்தார்.

ஒலிவாங்கியை என்னிடம் நீட்டி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மறுபடியும் அதே இரண்டு வார்த்தை. "எல்லாம் சாமி செயல்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சாமியையும் இழுத்துக்கொண்டேன்.

கீழே அந்தப் பெண் தட்டில் ரோஸ் தண்ணி கொண்டு வந்தது. பாவாடை தாவணி, தலை நிறையப் பூ. டம்ளரை வாங்கும்போது அதன் கையைப் பார்த்தேன். நகக்கண்களில் கறுப்பு. பூ வாசனையைத் தாண்டிக் காய்ந்த ரப்பர்ப் பால் வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த வாடை என் அம்மாவின் கையில் கடைசி வரைக்கும் இருந்தது.

"சோதன எழுதினியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. அம்மா மரங்கள நாந்தான் வெட்டுறேன்" என்றது சாதாரணமாக. அடுத்தவருக்குத் தட்டை நீட்டப் போய்விட்டது.

கிளம்பும்போது அந்த அம்மாவைக் கடந்துதான் வரவேண்டியிருந்தது. நின்றேன். அவர் என் கழுத்து மாலையைப் பார்த்தார், பிறகு என் முகத்தை.

"பலகை நல்லா இருக்கு தம்பி. மழையிலயும் வழுக்கலன்னு புள்ள சொல்லுச்சி" என்றார்.

அவ்வளவுதான். என்னைக் காட்டிக் கொடுக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும், ஊரே அங்கே கூடியிருந்தது. செய்யவில்லை. அது மன்னிப்பு என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. மன்னிப்பு கேட்டவனுக்குத்தானே கிடைக்கும்? நான் கேட்கவே இல்லை. அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பேன், எனக்கு அது பழக்கமான பாஷை.

ஜீப்பை விற்றுவிட்டேன். சில வருடங்களில் தோட்டமும் ரப்பரிலிருந்து செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைக்கு மாறி, லயத்து ஜனங்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். தைரியம் வந்து நான் தேடிப் போனபோது சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இதனால் அந்தப் பெண் விட்ட படிப்பு திரும்பி வராது, எனக்குத் தெரியும். அன்றைக்குப் போர்த்திய துண்டு இன்னும் என் அலமாரியில் மடித்தபடி இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும், யாராவது எனக்கு நன்றி சொன்னால், இவர்களுக்கு நான் முதலில் என்ன கெடுதல் செய்தேன் என்றுதான் என் மனசு தேடுகிறது.